வாக்குச்சாவடியும் மக்களாட்சியின் வேர்களும்

மக்கள் இறையாண்மை, சமமான வாக்குரிமை, மறைவாக வாக்களித்தல், அதிகாரத்தில் இருப்போர் கணக்குக் காட்டும் கடமை ஆகியவற்றை மக்களாட்சியின் அடிப்படைக் கொள்கைகளாக அரசியல் அறிவியல் நூல்கள் எடுத்துரைக்கின்றன. இவை ஒவ்வொன்றும் தேர்தல் நாளன்று ஏதோ ஓர் ஊராட்சிப் பள்ளியின் வகுப்பறைக்குள் மையாகவும் அட்டைத் தடுப்பாகவும் அரக்கு முத்திரையாகவும் படிவமாகவும் உருக்கொள்வதைப் பக்கத்தில் நின்று காணும் வாய்ப்பு வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கே வாய்க்கிறது. தலைமை அலுவலர் எனப்படுபவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியர் அல்லது அரசு அலுவலகப் பணியாளர். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் மண்டல அலுவலரின் வண்டியில் பெட்டிகளோடு வந்து இறங்கி, மறுநாள் இரவு அவற்றை ஒப்படைத்து ரசீது பெறுகிறார். தேர்தல் அறிவிக்கை வெளியான நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள்வரை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 28ஏ பிரிவின்படி அவர் தேர்தல் ஆணையத்தின் பணியாளராகவே கருதப்படுகிறார். அதாவது, ஆளும் அரசிடம் ஊதியம் பெறும் ஒருவரை, அந்த அரசின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் நாளில், அதன் கட்டளைக்கு வெளியே சட்டம் நிறுத்தி வைக்கிறது. இப்பணியில் பல தேர்தல்களைக் கண்ட இக்கட்டுரையாளரின் முடிபு யாதெனில், சாவடியின் விதிகள் மனிதர்களின் நேர்மையை நம்பி எழுதப்பட்டவை அல்ல. அலுவலர் மீதும், முகவர் மீதும், வாக்காளர் மீதும், கருவி மீதும் எழக்கூடிய ஐயங்கள் அனைத்தையும் முறையானவை என ஏற்று, அவற்றுக்கு விடை தரும் கடமையை அலுவலர் மீது சுமத்தி எழுதப்பட்டவை.

வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்குவதற்கு முன்னர் நடத்தப்படும் மாதிரி வாக்குப்பதிவு இதற்கு முதற்சான்று. வேட்பாளர்களின் சார்பில் சாவடிக்குள் அமரும் முகவர்கள், அதாவது ஊர் வழக்கில் பூத் ஏஜென்டுகள், முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போடப்பட்டு, கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் எண்ணிக்கையும் விவிபேட் எனப்படும் காகிதத் தணிக்கைக் கருவியிலிருந்து விழுந்த சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. அதன்பின் அந்த வாக்குகள் அழிக்கப்பட்டு, கருவியில் எண்ணிக்கை சுழியம் என்று அனைவருக்கும் காட்டப்பட்டு, மாதிரிச் சீட்டுகள் கறுப்பு உறையில் இடப்பட்டு முத்திரையிடப்படுகின்றன. விடியற்காலையின் அந்த அவசரத்தில், ஒன்றுக்கொன்று எதிரான கட்சிகளைச் சேர்ந்தவர்கள் ஒரே பச்சைக் காகித முத்திரையில் அடுத்தடுத்துக் கையெழுத்திடுவது, பார்ப்பதற்கு வெறும் சடங்காகத் தோன்றலாம். ஆயினும் தோற்கப்போகும் வேட்பாளரின் முகவரும் அந்தச் சுழியத்தைத் தம் கண்ணால் கண்டிருக்கிறார் என்பதில்தான், எண்ணும் நாளில் வரும் முடிவைத் தோற்றவர் ஏற்றுக்கொள்வதற்கான அடித்தளம் இடப்படுகிறது.

ஐயத்துக்கு இடமளித்து அதற்கு விதி வகுக்கும் இந்தப் போக்கு, இன்றைய தேர்தல் முறையைவிடப் பழமையானது. கி.மு. 508 அளவில் கிளைஸ்தனீஸ் செய்த சீர்திருத்தங்களுக்குப் பின் உருவான ஏதென்ஸ் நகரின் மக்களாட்சியில், 500 பேர் கொண்ட மன்றத்தின் உறுப்பினர்களும் பெரும்பாலான பதவியாளர்களும் வாக்கால் அல்லாமல் திருவுளச்சீட்டால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாக்கு என்பது செல்வரையும் பெயர்பெற்றோரையுமே மேலேற்றும் என்றும், சீட்டு ஒன்றே அனைவரையும் ஒப்பாக நடத்தும் என்றும் அங்குக் கருதப்பட்டது. அதைவிட முதன்மையானது, பதவிக்காலம் முடிந்த ஒவ்வொருவரும் தாம் கையாண்ட பொதுப்பணத்துக்கும் செயல்களுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதும், அந்தத் தணிக்கை முடியும்வரை அவர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பதுமான விதியாகும். பெண்களும் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் இந்த ஆட்சியில் பங்கு பெறவில்லை. ஏதென்ஸ் பற்றிப் பேசும் எவரும் இதை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது.

தமிழகத்தில் இப்பொருள் பேசப்படும்போதெல்லாம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுகூரப்படுகின்றன. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தைச் சேர்ந்த, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் இரு கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரை அமைத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. இதனை இன்றைய தேர்தலின் முன்னோடி என்று மேடைகளில் கூறுவது வழக்கமாயினும், அந்தக் கூற்றில் இரண்டு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. முதலாவதாக, அது வாக்கெடுப்பு அன்று. ஏதென்ஸைப் போலவே சீட்டெடுப்பு. இரண்டாவதாக, அது பிராமணர்க்கு வழங்கப்பட்ட ஊரின் சபை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், மறைநூல் பயிற்சி உடையவராகவும் இருந்த ஆண்களுக்கே குடத்தில் ஓலை இடப்பட்டது. அவ்வூரின் நிலத்தில் உழைத்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. எனினும் அக்கல்வெட்டில் இன்றும் உயிர்ப்போடு நிற்கும் விதி ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும், மீண்டும் ஓலையிடத் தகுதியற்றவர்கள் என்பது. குடத்தைக் கொண்டாடுவோர் இந்தக் கணக்கு விதியை அதைவிட உரக்கக் கொண்டாடியிருக்க வேண்டும்.

பிரதிநிதித்துவ ஆட்சி, அதாவது மக்கள் தாமே கூடி முடிவெடுக்காமல் தம் சார்பில் முடிவெடுப்போரைத் தேர்ந்தனுப்பும் முறை, பெரும்பாலும் ஐரோப்பாவின் இடைக்கால மன்றங்களில் வரி விதிப்புக்கு இசைவு பெறும் தேவையிலிருந்து வளர்ந்தது. 1215ஆம் ஆண்டின் மகாசாசனமும் 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமும் மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த வரலாறு பாடநூல்களில் போதிய அளவு இடம்பெற்றிருப்பதால், இங்கு அதை விரிக்க வேண்டியதில்லை. சாவடிப் பணியோடு நெருங்கிய தொடர்புடையது, 19ஆம் நூற்றாண்டில் வாக்களிக்கும் செயலே மாறிய வரலாறுதான்.

அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் வாக்களித்தல் என்பது, ஊர் நடுவே அமைக்கப்பட்ட மேடையேறி, தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரை அனைவர் காதிலும் விழும்படி கூறுவதாக இருந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்ற விவரம் அச்சிட்ட புத்தகங்களாகவே வெளிவந்தது. நிலக்கிழார் தம் குத்தகைக்காரர் வாக்கையும், முதலாளி தம் கடனாளி வாக்கையும் கண்காணிக்க இதைவிட எளிய வழி இருந்திருக்க முடியாது. 1832இன் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னர், ஓல்ட் சாரம் என்ற இடத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சில வாக்காளர்கள் இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வந்தனர். இந்நிலையை எதிர்த்து எழுந்த சாசன இயக்கத்தார் 1838இல் வெளியிட்ட மக்கள் சாசனத்தில், வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, மறைவான வாக்குச்சீட்டு, வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி கூடாமை, உறுப்பினருக்கு ஊதியம், ஒத்த அளவுடைய தொகுதிகள், ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல் என ஆறு கோரிக்கைகள் இடம்பெற்றன. அவற்றுள் இறுதியானது தவிர ஏனைய ஐந்தும் காலப்போக்கில் நடைமுறைக்கு வந்தன என்பதை எண்ணும்போது, அன்று சிறை சென்ற கைத்தொழிலாளர்களின் தொலைநோக்கு வியப்பளிக்கிறது.

மறைவான வாக்குச்சீட்டைச் சட்டமாக்கி முதலில் நிலைநாட்டியவை ஆஸ்திரேலியாவின் குடியேற்றப் பகுதிகளாகும். 1856இல் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் இயற்றப்பட்ட சட்டங்களின் சிறப்பு, சீட்டை மறைவாக இடலாம் என்று அனுமதித்ததில் இல்லை. சீட்டை அரசே அச்சிட்டு, சாவடிக்குள் மட்டுமே வழங்கி, தடுப்புக்குப் பின் நின்று குறியிடும்படி வகை செய்ததில் உள்ளது. கட்சிக்காரர் தரும் வண்ணச்சீட்டை ஏந்தி வரும் வாக்காளரின் எண்ணம் பெட்டியை அடையும் முன்பே வெளிப்பட்டுவிடும். எல்லோருக்கும் ஒரே தாள் என்றால் அந்த வழி அடைபடுகிறது. இங்கிலாந்து 1872இல் இம்முறையை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று பொன்டிஃப்ராக்ட் நகரில் நடந்த இடைத்தேர்தலே அங்கு மறைவாக்கு முறையில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல்; அதில் பயன்பட்ட பெட்டியின் அரக்கில், அந்நகரின் அதிமதுர மிட்டாய் ஆலையின் முத்திரை பதிக்கப்பட்டிருந்தது. அரக்கை மெழுகுவத்தியில் உருக்கிப் பித்தளை முத்திரையை அழுத்தி விரல் சுட்டுக்கொண்ட அலுவலர் எவருக்கும், அந்த நகரத்தார் கைக்குக் கிடைத்த முத்திரையை எடுத்து வந்த அவசரம் நன்கு விளங்கும்.

மறைவாக்கை அறிஞர்கள் அனைவரும் வரவேற்கவில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் எழுதிய பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில், வாக்கு என்பது தனியுடைமை அன்று, பொதுநலன் கருதி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்றும், ஆதலால் பிறர் பார்வைக்கும் விமர்சனத்துக்கும் உட்பட்டே அதைச் செலுத்த வேண்டும் என்றும் வாதிட்டார். இவ்வாதத்தின் உயர்ந்த நோக்கத்தை மறுக்க இயலாது. ஆனால் இக்கட்டுரையாளர் தலைமை அலுவலராக இருந்த ஒரு சிற்றூர்ச் சாவடியில் மூதாட்டி ஒருவர் எழுப்பிய வினா, மில் காணத் தவறியதை எளிதாகக் காட்டிவிடுகிறது. பார்வை மங்கிய அவர், தமக்குப் பிடித்த சின்னத்தின் பெயரை உரக்கச் சொல்லி, "எங்க அமுக்கணும்னு கொஞ்சம் வந்து காட்டுங்க சார்" என்று அலுவலரை அழைத்தார். அதற்காக அலுவலர் தடுப்புக்குள் செல்வதற்கு விதியில் இடமில்லை என்பதால், பார்வைக் குறையுடையோர் 18 வயது நிறைந்த துணையாள் ஒருவரை அழைத்துச் செல்லலாம் என்று விளக்கப்பட்டு, வாக்கு விவரத்தை வெளியிடுவதில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தில் அவருடைய பேத்தி கையெழுத்திட்டார். அப்போது மூதாட்டி, "இவளுக்குத் தெரியலாம், உங்களுக்குத் தெரியக்கூடாதா?" என்று கேட்டார். அவர் முதியோர் உதவித்தொகை பெறுபவர். அத்தொகையை வழங்கும் அரசின் ஊழியர் முன் நின்றுதான் இக்கேள்வியைக் கேட்டார். உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் ரேஷன் அட்டைக்கும் அலுவலகப் படியேற வேண்டிய ஒருவரின் வாக்கை அறியக் கூடாதவர்களில் முதல்வர் அந்த அலுவலரே. மில்லின் வாக்காளர் எவருக்கும் கடன்படாதவர். அந்த மூதாட்டிக்கு அந்த நிலை வாய்க்கவில்லை.

மறைவுக் கொள்கை இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆம் பிரிவால் காக்கப்படுகிறது. வாக்கு விவரத்தை வெளியிடும் அலுவலருக்கும் முகவருக்கும் சிறைத்தண்டனை வரை உண்டு. ஆயினும் அக்கொள்கையில் நெடுங்காலம் ஒரு விரிசல் இருந்தது. எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர், தேர்தல் நடத்தும் விதிகளின் 49-ஓ விதியின்படி, தம் முடிவை அலுவலரிடம் கூற வேண்டியிருந்தது. அலுவலர் 17-ஏ எனப்படும் வாக்காளர் பதிவேட்டில் அதைக் குறித்து, அவரது கையெழுத்தைப் பெறுவார். முகவர்கள் அனைவரும் அமர்ந்திருக்கும் சிறிய அறையில் இது நடந்தபடியால், மாலைக்குள் அவர் இன்னார் என்பது ஊர் முழுவதும் தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு, எவரையும் விரும்பாதவருக்கும் மறைவு உரிமை உண்டு என்று கூறி நோட்டா பொத்தானுக்கு வழிவகுத்தது. நோட்டாவால் முடிவு மாறுவதில்லை என்று குறைகூறுவோர், அது யாரைக் காப்பாற்றியது என்பதை அந்தப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களிடம் கேட்டறிந்தால் நன்று.

சம வாக்குரிமையின் வரலாறு இதனினும் நீண்டது. நியூசிலாந்தில் 1893இலும், இங்கிலாந்தில் ஆண்களுக்கு ஒப்பாக 1928இலும், சுவிட்சர்லாந்தின் நடுவண் தேர்தல்களில் 1971இலும் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கினாலும், சொத்தும் வரியும் தகுதியாக நீடித்தமையால் மிகச் சிலரே பயன்பெற்றனர். ஆசியாவில் முன்னதாக, 1931இல், இலங்கை பொது வாக்குரிமையைக் கண்டது. ஆனால் மலையகத் தோட்டத் தொழிலாளரான தமிழர்க்கு அங்கும் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இந்திய அரசமைப்பின் 326ஆம் உறுப்பு, 1950இல், சொத்து, கல்வி, சாதி, பால் ஆகிய அளவுகோல்கள் அனைத்தையும் ஒரே அடியில் நீக்கி, 21 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை அளித்தது; அவ்வயது 61ஆம் திருத்தத்தால் 1989இல் 18 ஆயிற்று. எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த 1951இல், ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்களைக் கொண்டு தேர்தல் நடத்த முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முனைந்ததை நாட்டின் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாகவே கருத வேண்டும். சின்னங்கள் அந்த முயற்சியில் பிறந்தவை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டு, குறியிடத் தேவையில்லாத சீட்டை வாக்காளர் விரும்பிய பெட்டியில் இட்டார். தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிந்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான், எனினும் பெண் என்பவர் மற்றொருவரின் உறவாக அன்றித் தம் பெயரோடு வாக்காளராக வேண்டும் என்ற கொள்கையில் ஆணையம் தளரவில்லை. இன்று சாவடியில் முதல் வாக்குப்பதிவு அலுவலர் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் வரிசை எண்ணையும் முகவர் கேட்க உரக்கப் படிப்பதில் அந்த முடிவின் தொடர்ச்சி உள்ளது.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதைக் காப்பது மை. வெள்ளி நைட்ரேட் கலந்த இந்த அழியாத மையை 1962 முதல் மைசூரில் உள்ள கர்நாடக அரசின் வண்ணப்பூச்சு ஆலை தயாரித்து வருகிறது. இடக்கை ஆள்காட்டி விரலின் நக நுனியிலிருந்து முதற்கணு வரை இழுக்கப்படும் அந்தக் கோடு, தோலின் உப்போடு சேர்ந்து ஒளிபட்டுக் கறுக்கிறது. விரலில் எண்ணெய் தடவி வருவோர் உண்டு. துணியால் துடைத்துவிட்டே மை வைக்க வேண்டும் என்பது பயிற்சி வகுப்பில் தவறாமல் சொல்லப்படும். இதையும் மீறி, ஒருவர் வரும்போது அவர் பெயரில் வாக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அவருடைய அடையாளத்தில் அலுவலர் நிறைவுற்றபின், 49-பி விதியின்படி காகிதச் சீட்டில் ஆய்வுக்குரிய வாக்கை அளிக்கலாம். அந்தச் சீட்டு தனி உறையில் இடப்படுகிறது; நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத சீட்டுக்கு இத்தனை படிவங்கள் ஏன் என்று இளைய அலுவலர்கள் சலித்துக்கொள்வதுண்டு. வாக்கை இழந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு சலிப்பதில்லை. தாம் ஏமாற்றப்பட்டது அரசின் பதிவேட்டில் ஏறுவதை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடைமுறையின் உறுதிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இரண்டு தமிழக நிகழ்வுகள் உணர்த்தின. 1996இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் தங்கள் குறைகளுக்கு நாட்டின் கவனத்தை ஈர்க்க உழவர்கள் திரளாக மனுத்தாக்கல் செய்தமையால் 1,033 பேர் களத்தில் நின்றனர். தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது, வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாக அச்சாயிற்று. அதே ஆண்டில் வைப்புத்தொகை பல மடங்கு உயர்த்தப்பட்டது. சாசன இயக்கத்தார் நீக்கச் சொன்ன பணத்தடை, சிறிய அளவிலேனும், நிர்வாக வசதியின் பெயரால் திரும்பி வந்ததாகவே இதைக் கருத வேண்டியுள்ளது. இரண்டாவது நிகழ்வு இதைவிட வேதனையானது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின், வேட்புமனு வராமையாலும், வென்றவர் உடனே பதவி விலக நேர்ந்தமையாலும், 2006வரை அவற்றில் முறையான தலைவர் அமையவில்லை. விதிகள் அனைத்தும் சரியாகவே பின்பற்றப்பட்டன. தேர்தலின் நோக்கம் மட்டும் நிறைவேறவில்லை. அரசியல் சமத்துவம் சமூகச் சமத்துவமின்மையோடு நெடுநாள் சேர்ந்து நிற்க முடியாது என்று 1949 நவம்பரில் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் எச்சரித்ததன் பொருளை, அந்த ஊர்களின் பத்தாண்டுகள் விளக்கிக் காட்டின. மாவட்ட நிர்வாகமும் இயக்கங்களும் ஊர்மக்களோடு இடைவிடாது பேசிய பின்னரே 2006இல் அங்குத் தேர்தல் நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவியில் நிலைத்தனர்.

மாலையில் நேரம் முடிந்ததும், வரிசையில் நிற்போர் அனைவருக்கும் அலுவலர் கையெழுத்திட்ட எண்சீட்டு வழங்கப்படுகிறது. அது வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி வழங்கப்படுவதால், பின்னால் எவரும் புதிதாகச் சேர முடியாது. நேரத்துக்குள் வந்த எவரும் வாக்கை இழப்பதுமில்லை. கடைசி ஆள் வாக்களித்ததும் கருவி மூடப்பட்டு, பதிவான மொத்த வாக்குகள் 17-சி படிவத்தில் எழுதப்படுகின்றன. பதிவேட்டில் எத்தனை பேர், கருவியில் எத்தனை வாக்கு, வாக்களிக்காமல் திரும்பியோர் எத்தனை பேர், ஆய்வுக்குரிய வாக்கு எத்தனை, எந்த எண்ணுள்ள முத்திரைத் தாள் பயன்பட்டது, எது எஞ்சியது என்பன யாவும் அதில் அடங்கும். இரவு உணவுகூட இல்லாத களைப்பில், ஒரு வாக்கு குறைந்தாலும் பதிவேட்டை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும் அந்த அரை மணி நேரமே இப்பணியின் கடினமான பகுதி என்பதை அனுபவமுடையோர் ஒப்புவர். உத்திரமேரூரிலும் ஏதென்ஸிலும் பதவியின் முடிவில் கேட்கப்பட்ட கணக்கு, இங்கு ஒரே நாள் பதவியில் இருந்த ஆசிரியரிடம் கேட்கப்படுகிறது.

சாவடியில் இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் இப்படிவத்தின் உண்மை நகலைக் கையெழுத்திட்டு வழங்குவது அலுவலரின் கடமை. எண்ணும் நாளில் கருவி காட்டும் மொத்தத்தை அந்த நகலோடு வைத்து முகவர் சரிபார்க்கலாம். குறை ஒன்று இதில் உண்டு. பெரிய கட்சிகளுக்கு எல்லாச் சாவடிகளிலும் முகவர்கள் இருப்பர். சுயேச்சைக்கும் சிறிய கட்சிக்கும் பல சாவடிகளில் ஆள் இராது, ஆதலால் நகலும் கிடைக்காது. 2024 மக்களவைத் தேர்தலின்போது 17-சி விவரங்களைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நகலெடுத்து எழுதிக் கைசலித்த அலுவலர்களுள் பலருக்கும் உடன்பாடான ஒரு தீர்வை இங்குக் குறிப்பிடலாம்: முகவர்களுக்குத் தரும் நகலோடு இன்னும் ஒன்றை எழுதி, சாவடியை விட்டுப் புறப்படும் முன், வேட்பாளர் பட்டியல் காலையில் ஒட்டப்பட்ட அதே பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டுச் செல்ல விதி செய்யலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் சிறிது பசையும். அந்த எண்ணைக் காணும் உரிமை முகவர் வைக்க வசதியுள்ள வேட்பாளரோடு நின்றுவிடாமல், அன்று அங்கு வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் உரியதாகும்.